வியர்வையும் ஒரு மருந்துதான்: அளவு தெரிந்தால் நலம்

வெயிலில் நின்று உழைக்கிறவருக்கு இனிப்பு நீர் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணிக்கு வரலாம், மண்வெட்டி பிடிக்கும் பாட்டாளிக்கு எப்படி வரும் என்று கேட்டவர்கள் உண்டு. இன்று அந்தக் கேள்விக்கே இடமில்லை. கேமரன் மலையில் காய்கறி பயிரிடுகிறவர், செம்பனைக் குலை வெட்டுகிறவர், பணி ஓய்வுக்குப் பின் வீட்டுக்குப் பின்னால் கீரையும் வாழையும் போட்டிருப்பவர் என மண்ணோடு வேலை செய்கிறவர்களிலும் நீரிழிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களிடம் இரண்டு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. உடம்பு வியர்க்க வேலை செய்கிறோமே, மாத்திரை எதற்கு என்று மருந்தை நிறுத்திவிடுவது ஒன்று. மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டு, சீனி ஏறிவிடுமோ என்ற பயத்தில் பசியாறாமல் வேலைக்குப் போவது இன்னொன்று. முதல் தவறு கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கிறது. இரண்டாவது தவறு ஒரே காலைப்பொழுதில் ஆளைக் கீழே சாய்த்துவிடக் கூடியது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உழைப்பும் மருந்தைப் போல அளவு உள்ள ஒன்று, அது உணவோடும் மாத்திரையோடும் சேர்த்து எண்ணப்பட வேண்டியது என்பதை மறந்துவிடுகிறோம். மருத்துவ உலகமே இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அது கற்றுக்கொண்ட வரலாறு நமக்கும் பாடம்.

உழவும் கிணறும்

இந்திய மருத்துவத்தின் பழம்பெரும் நூல்களில் ஒன்றான சுசுருத சம்ஹிதை, தேன் போன்ற சிறுநீர் கழியும் நோயைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பிறவியோடு வருவது, தவறான உணவுப் பழக்கத்தால் வருவது என்று நோயாளிகளை அந்நூல் இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையினர் மெலிந்தவர்கள். இரண்டாம் வகையினர் பருத்தவர்கள், அதிகம் உண்பவர்கள், உட்கார்ந்தும் படுத்தும் பொழுதைக் கழிப்பவர்கள். மெலிந்தவருக்கு ஊட்டம் கொடுக்க வேண்டும், பருத்தவருக்குக் குறைக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

இந்நோய்க்கு அது சொல்லும் சிகிச்சைகளில் நெடுந்தொலைவு நடப்பது ஒன்று. நிலத்தை உழுவதும் கிணறு தோண்டுவதும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உழவு வேலை ஒரு சிகிச்சையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது வியப்புக்குரியது. எனினும் எல்லாருக்கும் ஒரே சிகிச்சை என்று அந்நூல் சொல்லவில்லை. மெலிந்தவரையும் பருத்தவரையும் அது வேறுபடுத்தியதை நினைவில் வைத்துக்கொள்வோம். 

முற்றுகையில் கிடைத்த பாடம்

அடுத்த பெரிய பாடம் பாரிஸ் நகரில் கிடைத்தது. 1870-ஆம் ஆண்டு பிரஷ்யப் படைகள் அந்நகரைச் சூழ்ந்துகொண்டன. 1871 ஜனவரி வரை நீடித்த அந்த முற்றுகையில் மக்கள் ரொட்டிக்கே அல்லாடினார்கள். அப்போது அப்பொலினேர் பூஷார்டா என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அவருடைய நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, சிலரிடம் அறவே மறைந்தது.

உணவு குறைந்தால் சர்க்கரை குறைகிறது என்பதை அவர் உறுதிசெய்துகொண்டார். அதோடு நிற்காமல், உடலுழைப்பு இருந்தால் நோயாளியால் கூடுதல் மாவுச்சத்தைத் தாங்க முடிகிறது என்பதையும் கண்டார். தம் நோயாளிகளை உடலை வருத்தி உழைக்கச் சொன்னார். அன்றாடம் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கவும் பழக்கினார். உணவு, உழைப்பு, சோதனை ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

பட்டினியே மருந்தான காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் ஆலன் இந்தப் பாதையின் எல்லைக்கே போனார். சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை நோயாளியைப் பட்டினி போடுவது, பிறகு உயிர் தங்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுப்பது என்பதே அவருடைய முறை. உழைப்பால் இரத்தச் சர்க்கரை குறைவதை அவரும் பதிவு செய்தார். ஆனால் எலும்பும் தோலுமாகிவிட்ட நோயாளிக்கு உழைக்கத் தெம்பு எங்கிருந்து வரும்?

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் ஆலனிடம் சிகிச்சை பெற்றவர். 1922-இல் அந்தப் பதின்மவயதுப் பெண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம்தான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, ஆனால் உடலில் உயிர் மட்டுமே மிஞ்சியிருந்தது. சாப்பிடாமலே இருந்து சீனியைக் குறைத்துவிடலாம் என்று இன்றும் நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பண்ணை மகன் தேடிய மருந்து

எலிசபெத்தைக் காப்பாற்றியது இன்சுலின். அதைத் தேடிப் புறப்பட்ட ஃபிரெடெரிக் பாண்டிங், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் 1891-இல் பிறந்தவர். 1921-இல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மக்லவுடின் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் பெஸ்டுடன் அவர் தொடங்கிய வேலைக்கு, மருந்தைத் தூய்மைப்படுத்தும் பணியில் ஜேம்ஸ் காலிப் கைகொடுத்தார். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. மறு ஆண்டே பாண்டிங்குக்கும் மக்லவுடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலிசபெத் ஹியூஸ் 1981 வரை வாழ்ந்தார்.

உயிர் பிழைத்தாயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கேதான் புதிய சிக்கல் முளைத்தது. மருத்துவமனையில் ஒருவருக்குச் சரியாகப் பொருந்திய இன்சுலின் அளவு, வீட்டுக்குப் போய் வேலை செய்யத் தொடங்கியதும் அதிகமாகிப் போனது. கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல், மயக்கம் ஆகியவை தலைகாட்டின.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ஆர். டி. லாரன்ஸ். அவரே ஒரு நீரிழிவு நோயாளி. இத்தாலியில் மரணத்தை எதிர்பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தபோது, இன்சுலின் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டு 1923 மே மாதத்தில் இலண்டன் திரும்பிப் பிழைத்தவர். உழைப்பு இன்சுலினின் வேலையைப் பெருக்குகிறது என்று 1926-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதினார். உழைக்கும் நாளில் இன்சுலினைக் குறைக்க வேண்டும், அல்லது மாவுச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விதி மாறவில்லை.

அமெரிக்காவில் எலியட் ஜோஸ்லின் இதையே மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு ஒப்பிட்டார். உணவு, இன்சுலின், உழைப்பு ஆகியவையே அந்த மூன்று குதிரைகள். ஒரு குதிரை மட்டும் வேகமெடுத்தால் தேர் கவிழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உழைக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

தசை ஓய்ந்திருக்கும்போது, இரத்தத்தில் உள்ள சர்க்கரை அதற்குள் நுழைய இன்சுலின் என்ற சாவி வேண்டும். தசை சுருங்கி விரிந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டால், அந்தச் சாவி இல்லாமலே சில கதவுகள் திறந்துகொள்கின்றன. அதே நேரத்தில் ஊசியோ மாத்திரையோ வழியாக இன்சுலினும் இரத்தத்தில் நிறைந்திருந்தால், இரண்டு பக்கமும் கதவு திறந்த கதைதான். சர்க்கரை மளமளவென்று இறங்கும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. தசைகள் தாங்கள் செலவழித்த சேமிப்பை மீண்டும் நிரப்பிக்கொள்கின்றன. இதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். பகலெல்லாம் பாத்தி வெட்டியவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவதற்கு இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உடலில் இன்சுலின் அறவே போதாதபோது கடுமையாக உழைத்தால் சர்க்கரை இறங்காது, ஏறும். கல்லீரல் மேலும் மேலும் சர்க்கரையை வெளியே விடும். உடலில் கீட்டோன் என்ற நச்சும் சேரலாம். வியர்வை சிந்தினால் போதும், மருந்து வேண்டாம் என்ற வாதம் உடைவது இங்கேதான்.

மாத்திரை வந்த பிறகு

1936-இல் டென்மார்க்கின் ஹாகடோர்ன் குழுவினர் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினை உருவாக்கினார்கள். 1946-இல் அதே நாட்டிலிருந்து என்.பி.எச். என்ற வகை வந்தது. ஒரு நாளைக்குப் பல ஊசி என்ற தொல்லை குறைந்தது. ஆனால் காலையில் போட்ட என்.பி.எச். ஊசி சில மணி நேரம் கழித்து உச்சத்தை எட்டும்போது வயிற்றில் உணவு இருக்க வேண்டும். மருந்து, வேலை முடியட்டும் என்று காத்திருக்காது.

மாத்திரையின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைஃபாய்டுக் காய்ச்சலுக்குச் சல்ஃபா வகை மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் ஒகுஸ்த் லூபாத்தியே. அதிலிருந்து பிறந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் 1950-களில் புழக்கத்துக்கு வந்தன. நம்மவர்களுக்குப் பழக்கமான கிளிபென்கிளமைட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தூண்டிக்கொண்டே இருக்கும். 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்திய மெட்ஃபார்மின் அப்படிப்பட்டதல்ல. அதை மட்டும் தனியாக உட்கொள்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது.

ஆகவே மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது பெரும் பிழை. தாம் விழுங்குவது எந்த வகை என்று தெரியாமல் வெயிலில் இறங்கும் பாட்டாளி, தேரில் எந்தக் குதிரை பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுகிறவரைப் போன்றவர்.

பால்மரக் காட்டின் கணக்கு

இந்த வரலாற்றை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு வேலை தொடங்கும். வயிற்றில் பெரும்பாலும் ஒரு வரக்கோப்பிதான். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்த பிறகே பசியாறல். பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேகரித்து, வாளிகளைச் சுமந்து நடக்க வேண்டும். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு மிகையல்ல, தேவை.

அந்தச் சோற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1900-களின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளை வாட்டியது. தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களிடம் நோய் பரவியது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்தது. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியவர் பிராடன் என்ற மருத்துவர். 1905-இல் கோலாலம்பூரில் ஃபிளெட்சரும், பின்னர் நெகிரி செம்பிலானில் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. அதே புழுங்கலரிசி, வெள்ளை அரிசியைவிடப் பொதுவாக மெதுவாகவே இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்த செய்தி.

பின்னர் காலம் மாறியது. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். 1980-களிலும் 90-களிலும் மேலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டன. பால்மரத்தை விட்டுப் பட்டணம் வந்தவர்கள் பாதுகாவலர்களாகவும் ஓட்டுநர்களாகவும் தொழிற்சாலை ஊழியர்களாகவும் ஆனார்கள். வாளி சுமந்த தோள் ஓய்ந்தது. ஆனால் சோற்றுத் தட்டின் அளவு குறையவில்லை. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் ரொட்டி சானாயும் அதோடு சேர்ந்துகொண்டன.

எண்கள் எதைக் காட்டுகின்றன? 1986-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 35 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 6.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் கணக்கில் எடுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில் அது 11.6 விழுக்காடு. 2019-இல் 18.3 விழுக்காடு. 2023-இல் 15.6 விழுக்காடு. இந்தியர்களிடையே விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம். வயது வரம்பு வேறுபட்டாலும் போக்கு தெளிவானது. உழைப்பு என்ற குதிரை நின்றுபோனது, உணவு என்ற குதிரை ஓடிக்கொண்டே இருந்தது.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். பட்டண வேலைக்குப் பொருத்தமான அளவில் மாத்திரை எழுதி வாங்கியவர், ஓய்வு பெற்றபின் நிலம் பிடித்துத் தோட்டம் போடுகிறார். வேலை பெருகிவிட்டது, மாத்திரை அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி வரக்கோப்பியோடு இறங்கிவிடுகிறார். ஆபத்து அங்கே காத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பாதி

நெடுங்காலம் சிறுநீரைச் சோதிப்பது ஒன்றே வழியாக இருந்தது. பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். சர்க்கரை மிகுந்திருந்ததை அது காட்டும். இறங்கிவிட்டதைக் காட்டாது. உழைப்பாளியின் ஆபத்தோ இறங்குவதில்தான் இருந்தது.

1964-இல் இரத்தத் துளி வைத்துப் பார்க்கும் பட்டை வந்தது. 1970-இல் அதைப் படித்துச் சொல்லும் கருவி வந்தது. ஒரு கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ள அது மருத்துவர்களுக்கானது. 1970-களின் இறுதியில்தான் நோயாளிகள் வீட்டிலேயே சோதிக்கும் பழக்கம் பரவத் தொடங்கியது. இன்று சட்டைப் பையில் வைத்துத் தோட்டத்துக்கே எடுத்துச் செல்லலாம். தோலில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன.

இது ஏன் முக்கியம்? சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், களைப்பு வரும். கடுமையாக வேலை செய்தாலும் இவையே வரும். அறையில் இருப்பவருக்கு எச்சரிக்கை மணியாக ஒலிப்பது, வெயிலில் நிற்பவருக்கு வேலைக் களைப்பாகத் தோன்றிவிடுகிறது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலையை வெட்டிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்றைய உழைப்பாளிக்கு

இந்த நெடிய வரலாறு நடைமுறையில் சொல்வது இதுதான். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்கக் கூடாது. வேலைக்கு முன் சோதித்துப் பார்த்து, லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். மிக உயர்ந்து, 14-க்கும் மேல் நின்று, உடலும் சரியில்லை என்றால் அன்று கடும் வேலை வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இத்தகைய மருந்து எடுப்பவருக்கு ஒரு மணி நேரக் கடும் உழைப்புக்கு ஏறத்தாழ 15 முதல் 30 கிராம் வரை கூடுதல் மாவுச்சத்து தேவைப்படலாம். ஒரு துண்டு ரொட்டியிலோ ஒரு சிறிய வாழைப்பழத்திலோ சுமார் 15 கிராம் இருக்கும். அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், சோதித்துப் பார்த்தே தம் கணக்கை ஒருவர் அறிய முடியும்.

கருவி 4-க்குக் கீழே காட்டினால், அல்லது காரணமில்லாமல் நடுக்கமும் குழப்பமும் வந்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்தோ, அரை குவளைப் பழச்சாறோ குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் குடிக்க வேண்டும். ஏறிய பிறகு முறையாகப் பசியாற வேண்டும். சீனி இல்லாத டயட் பானம் இதற்கு உதவாது. மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே அவசர வண்டியை அழைக்க வேண்டும். ஆகவே உடன் வேலை செய்பவர்களில் ஒருவருக்காவது தம் நோயைப் பற்றிச் சொல்லி வைப்பது வெட்கப்பட வேண்டிய செயலல்ல, உயிர்காப்பு.

மழை பெய்து வேலை இல்லாத நாளில் கணக்கு திரும்பிவிடும். உழைப்பு என்ற மருந்து அன்று கிடைக்காது. ஆகவே உழைக்கும் நாளின் தட்டு அன்றைக்கு ஆகாது. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டலாம். வேலை நாளோ ஓய்வு நாளோ, மாத்திரையையும் ஊசியையும் தாமாகவே கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மருத்துவரிடம் விவரமாகச் சொன்னால் அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, அவர் காலையில் எத்தனை மூட்டை சுமந்தார் என்று எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.

உழவும் கிணறு வெட்டுவதும் மருந்து என்று பழைய நூல் சொன்னது சரி. பட்டினி மட்டும் மருந்தாகாது என்று எலிசபெத்தின் 20 கிலோகிராம் உடல் சொன்னதும் சரி. உழைப்பைக் கணக்கில் சேர்க்காத மருந்து ஆபத்து என்று லாரன்ஸ் சொன்னதும் சரி. இந்த மூன்று பாடங்களையும் ஒன்றாகப் படித்தவர் நீரிழிவோடும் தெம்பாக மண்ணில் நிற்கலாம்.